கட்டைவிரலும் ஒரு சொட்டு இண்டிகேட்டரும்

கையனுபவத்தையும் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தெரிந்த தொழில் தோல் தொழில். அந்தப் பழக்கம் தோல் பதனிடும் டிரம்மோடு நின்றுவிட்டது. பின்பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டி வரைக்கும் அது ஏன் வரவில்லை?

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. ஜவ்வாது மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும் மலைமேல் கிராமங்களிலிருந்தும் விடிவதற்குள் ஆடுகள் வந்து இறங்கிவிடும். பக்ரீத்தோ தீபாவளியோ நெருங்கினால் நிற்க இடம் இருக்காது. வாங்க வருகிறவர் ஆட்டின் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரல் வைத்து அழுத்துவார். சப்பையைப் பிடித்துப் பார்ப்பார். வாயைத் திறந்து பல் பார்ப்பார். ஒரு முறை தூக்கி இறக்குவார். இவ்வளவு கிலோ கறி தேறும் என்று அவர் மனதில் ஒரு எண் விழுந்துவிடும். பழகிய கை என்றால் அந்த எண்ணுக்கும் தராசு காட்டும் எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

அதே ஆட்டின் தோல் என்று வரும்போது அந்தக் கை உதவாது. முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த குழி, அம்மை வந்து ஆறிய புள்ளி எல்லாம் ரோமத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். சுண்ணாம்பில் ஊறி ரோமம் கழன்ற பிறகுதான் அவை கண்ணுக்குத் தெரியும். அதற்குள் தோலுக்குப் பணம் கைமாறியிருக்கும். ஆகவே தோல் வாங்குகிறவர்களுக்கு நோட்டு வேண்டும். எந்தப் பக்கத்துத் தோல், எந்த மாதம் வந்தது, எத்தனை உருப்படி, அதில் முதல் தரம் எத்தனை, கழித்துப் போட்டது எத்தனை என்று லாட் வாரியாக எழுதி வைத்திருப்பவர் அடுத்த முறை விலை பேசும்போது ஏமாற மாட்டார். எழுதாதவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஏமாறுவார்.

கை எந்த இடம் வரைக்கும் போதும், எந்த இடத்தில் கணக்கு வேண்டும் என்கிற தெளிவு இந்தப் பகுதிக்குப் புதிது இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் பட்டணங்கள் 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது மூன்று மாவட்டங்களுக்குப் போய்விட்டன. ஆனால் தொழில் ஒன்றுதான். வேலைக்குப் போகிறவர்களும் இந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பிள்ளைகள்தாம். இப்போது அவர்களோடு பீகார், வங்காளம், அசாம் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள்.

டிரம்முக்குப் பக்கத்தில்

அந்தத் தெளிவு எவ்வளவு நுட்பமானது என்பதைப் பார்க்க, தோல் பதனிடும் இடத்தில் டிரம் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

ரோமம் நீக்குவதற்காகத் தோலில் ஏற்றிய சுண்ணாம்பை மறுபடி இறக்க வேண்டும். ஓடுகிற டிரம்மை நிறுத்தி ஒரு தோலை வெளியே இழுக்கிறார்கள். தடிப்பான இடத்தில் சின்னதாக ஒரு கீற்று வெட்டுகிறார்கள். வெட்டுவாயில் ஒரு சொட்டு பினாப்தலின் இண்டிகேட்டர் விடுகிறார்கள். நடுவில் ரோஜா நிறம் ஓடினால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள்; டிரம் மறுபடி ஓட வேண்டும். நிறமே வராவிட்டால் சுண்ணாம்பு இறங்கிவிட்டது. அடுத்தது பேட்டிங். நொதியைப் போட்டுத் தோலை இளக வைக்கிற வேலை. அது பதத்துக்கு வந்ததா என்று மேஸ்திரி கட்டைவிரலால் பார்க்கிறார். தோலை அழுத்தி விரலை எடுத்தால் தடம் அப்படியே பதிந்து நிற்க வேண்டும். எழும்பி மறைந்துவிட்டால் இன்னும் நேரம் ஆகவில்லை. பிறகு குரோம். குரோம் சரியாக ஏறியதா என்பதற்கு ஒரு துண்டை வெட்டி, அதன் அளவைக் குறித்துக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கிறார்கள். சுருங்கியிருந்தால் வேலை முடியவில்லை.

இதில் எது அனுபவம், எது புள்ளிவிவரம் என்று பிரித்து யாரும் சண்டை போடுவதில்லை. உள்ளே சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறதா என்று விரலால் சொல்ல முடியாது. தோல் இளகிய பக்குவத்தை அந்தச் சொட்டால் சொல்ல முடியாது. இரண்டும் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. பெரிய நிர்வாகக் கல்லூரிகளில் காசு கட்டிப் படிக்கிற பாடத்தை, பள்ளிக்கூடம் முடிக்காத மேஸ்திரிகள் இங்கே தினமும் செய்து காட்டுகிறார்கள்.

இந்தக் கட்டுரையின் கேள்வியே அதிலிருந்துதான் பிறக்கிறது. ஒரு தோலுக்காக மூன்று சோதனை வைக்கிற தொழில், அதே காம்பவுண்டுக்குள் கழிவுநீர்த் தொட்டியில் ஒரு மனிதனை இறக்கும்போது என்ன சோதனை செய்கிறது?

மூக்கை நம்பி இறங்குகிறவர்கள்

ரோமம் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்ப்பார்கள். காரத்தன்மை அதிகம் உள்ள வரைக்கும் அந்தச் சல்பைடு தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். காரம் குறைந்து அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளியே வரும். சுண்ணாம்புக் கழிவும், குரோமுக்கு முன் தோலை அமிலத்தில் ஊறவைக்கும் பிக்கிள் கழிவும், அமிலம் கலந்த குரோம் கழிவும் ஒரே தொட்டியில் சேர்ந்தாலே போதும். அது தவிர, அடியில் நாள்கணக்கில் தேங்கிய கசடு காற்றில்லாமல் அழுகியும் அதே வாயுவை உண்டாக்கும். கசடைக் கிளறினால், கட்டியிருந்த வாயு ஒரே மூச்சில் மேலே வரும். இது காற்றைவிடக் கனமானது. ஆகவே தொட்டியின் அடியில்தான் படுத்துக் கிடக்கும். மேலே குனிந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது.

அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். தொழிலில் ஊறியவர்கள் அந்த நாற்றத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள். மூடியைத் திறந்து வைப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து முகர்ந்து பார்ப்பார்கள். நாற்றம் அடங்கிவிட்டது என்றால் இறங்கலாம்.

உயிரை வாங்குகிற தவறு இங்கேதான் இருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால், சில நிமிடங்களில் மூக்கின் நரம்பே செயலிழந்துவிடும். நாற்றம் தெரியாமல் போவது வாயு போய்விட்டதற்கு அடையாளமாகவும் இருக்கலாம், வாயு கொல்லும் அளவுக்கு ஏறிவிட்டதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று மூக்கால் சொல்லவே முடியாது. ஐந்நூறுக்கு மேல் போனால் சில நிமிடங்களில் ஆள் விழுந்துவிடுவார். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சு போதும்.

"இருபது வருசமா இப்படித்தான் இறங்குறோம், ஒன்னும் ஆனதில்லை" என்கிற பேச்சை இந்தத் தொழிலில் கேட்காதவர் இருக்க முடியாது. அது பொய்யில்லை. சொல்கிறவருக்கு ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் ஆனவர்கள் வந்து சாட்சி சொல்ல முடியாதே! இறங்கி மேலே வந்தவர்களை மட்டும் கேட்டுச் சேர்த்த அனுபவம் அது. இருபது வருட அனுபவம் என்று நாம் மதிக்கிற அந்தப் பேச்சில், போனவர்களின் கணக்கு சேரவே இல்லை.

ஒருவர் விழுந்தவுடன் பக்கத்தில் நிற்கிறவர் குதிப்பார். அவரைப் பார்த்து மூன்றாமவர் குதிப்பார். செய்தித்தாளில் "விஷவாயு தாக்கி மூவர் பலி" என்று வருகிற செய்திகளில் பலவற்றின் கதை இதுதான். கூட வேலை செய்கிறவன் கண்முன்னே விழும்போது ஓடாமல் நிற்க எந்த மனசும் கேட்காது. அந்த நொடியில் நல்ல முடிவை எதிர்பார்க்கவே கூடாது. அது முதல் நாளே எடுத்திருக்க வேண்டிய முடிவு.

எடுக்கச் சொல்லி எழுதியும் வைத்திருக்கிறார்கள். 2025 வரை நடப்பில் இருந்த 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 36-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆபத்தான வாயு இருக்க வாய்ப்புள்ள தொட்டி, குழி, குழாய் எதற்குள்ளும் யாரையும் இறக்கக் கூடாது என்றது அது. இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்துப் பார்த்து, வாயு இல்லை என்று எழுத்தில் சான்று கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், இறங்குகிறவர் சுவாசக் கருவி மாட்டி, இடுப்பு பெல்ட்டில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். சோதனை, எழுத்து, கயிறு, கயிறு பிடிக்க ஆள். சுதந்திரம் கிடைத்த மறு வருடமே நம் நாட்டுச் சட்டம் கேட்ட புள்ளிவிவரமும் நடைமுறை அறிவும் இவை.

வாயு அளக்கும் மீட்டர் உள்ளங்கையில் அடங்கும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலோ ஹைட்ரஜன் சல்பைடு பத்துப் பங்கைத் தொட்டாலோ கத்தும்படி அதை வைக்கலாம். கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் இறக்கிப் பார்க்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க அது அவர் சட்டையில் இருக்க வேண்டும், ஏனென்றால் கசடைக் கிளறிய பிறகுதான் வாயு கிளம்பும். மீட்டர் வாங்கியாகிவிட்டது என்று யாரும் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. அதன் சென்சாருக்கு ஆயுள் உண்டு. காலம் கடந்த சென்சார் பூஜ்ஜியம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆடிட் வருகிறவர்களிடம் காட்டுவதற்கென்று பீரோவுக்குள் பூட்டி வைத்த மீட்டரால் யாருக்கும் பயன் இல்லை. பீரோ சாவி மேனேஜரிடம், மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை லீவு. தொட்டி சுத்தம் செய்வதோ பெரும்பாலும் உற்பத்தி நிற்கும் ஞாயிற்றுக்கிழமையில்.

2025 பிப்ரவரி 2, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கொல்கத்தாவின் பாண்டலா தோல் தொழிற்பேட்டையில் கழிவுநீர்க் குழியில் இறங்கிய மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கிக் கழிவுநீர்க் குழிகளைச் சுத்தம் செய்வதற்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ராணிப்பேட்டை, 2015 ஜனவரி 31

நமக்குக் கொல்கத்தா வரைக்கும் போக வேண்டிய அவசியம் இல்லை. ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் அன்று நள்ளிரவு தாண்டிய நேரத்தில், பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பெருக்கெடுத்த கசடு பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் புகுந்தது. அங்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

ஒரு சுவர் எவ்வளவு எடை தாங்கும் என்பது கணக்கு. அந்தச் சுவரின் மறுபக்கம் இரவில் யார் படுக்கிறார்கள் என்பது அங்கே வேலை செய்கிற எவருக்கும் தெரிந்த விஷயம். கணக்குத் தெரிந்தவர் படுக்கிற இடத்தைப் பார்த்திருந்தாலோ, படுக்கிற இடம் தெரிந்தவரிடம் கணக்கைக் காட்டியிருந்தாலோ போதும். இரண்டு தகவலும் ஒரே வளாகத்துக்குள் இருந்தன. ஒரே மேசைக்கு வரவில்லை.

பணியிட முடிவுகள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் தகவல் இல்லாமை காரணம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தகவல் ஆபீஸில் பாதி, தரையில் பாதி என்று பிரிந்து கிடக்கிறது. ஆபீஸ் தரையைக் கேட்பதில்லை. தரைக்குச் சொல்ல வாய் இருந்தாலும், சொன்னால் என்ன ஆகும் என்கிற பயம் இருக்கிறது. வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு அதைச் சொல்ல மொழியும் இல்லை. அவர் கண்முன்னே தொங்கும் எச்சரிக்கைப் பலகை தமிழில் இருக்கிறது.

விபத்துப் பதிவேட்டில் பூஜ்ஜியம் என்று பெருமையாக எழுதிப் போட்டிருக்கும் இடங்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் கவலையாகிவிடும். வழுக்கி விழப்போய்த் தப்பியது, மயக்கம் வந்து உட்கார்ந்தது, பெல்ட்டில் துணி மாட்டிக் கிழிந்தது எல்லாம் அந்த ஏட்டில் ஏறுகிறதா? ஏறினால் திட்டு விழும், போனஸ் குறையும் என்றால் யார் எழுதுவார்கள்? எழுதாத ஏட்டைப் பார்த்து எடுக்கிற முடிவு, ஏடே இல்லாமல் எடுக்கிற முடிவைவிட ஆபத்தானது. ஏடு இல்லாதவருக்காவது கொஞ்சம் பயம் இருக்கும்.

வெட்டுகிறவரின் கணக்கு

தரையைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, உயிர்ச்சேதம் இல்லாத, ஆனால் கச்சிதமாக அளந்து பார்த்த ஓர் உதாரணம் பாகிஸ்தானின் சியால்கோட்டில் இருக்கிறது. உலகத்துக்கே கால்பந்து செய்து அனுப்புகிற ஊர் அது. பந்தின் ஐங்கோண, அறுகோணத் துண்டுகளை ரெக்சின் ஷீட்டிலிருந்து அச்சு வைத்து வெட்டுகிறார்கள். டேவிட் அட்கின், ஆசம் சௌத்ரி, ஷமைலா சௌத்ரி, அமித் கண்டேல்வால், எரிக் வெர்ஹூகன் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள், ஐங்கோணங்களை இன்னும் நெருக்கமாக அடுக்கி வெட்டும் ஒரு புதிய அச்சை வடிவமைத்தார்கள். அதே ஷீட்டில் கூடுதல் துண்டுகள் கிடைக்கும், கழிவு குறையும். கணக்கில் சந்தேகமே இல்லை. 2012-ல் 35 நிறுவனங்களுக்கு அதை இலவசமாகவே கொடுத்தார்கள்.

ஓராண்டு தாண்டிப் பார்த்தால், விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள்தாம் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. முதலாளிகளைக் கேட்டால், வெட்டுகிறவர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்று பதில். வெட்டுகிறவர்கள் ஏன் வேண்டாம் என்றார்கள்? அவர்களுக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. புதிய அச்சு பழகும் வரைக்கும் வேகம் குறையும், கூலியும் குறையும். மிச்சமாகும் ரெக்சின் முதலாளிக்குப் போகும். தொழிலாளியின் சம்பளக் கணக்கில் புதிய அச்சு நஷ்டம்தான். அவர் கணக்கு சரி.

ஆய்வாளர்கள் அடுத்து ஒரு காரியம் செய்தார்கள். சில நிறுவனங்களில் வெட்டுகிறவர் ஒருவருக்கும் அச்சடிக்கிறவர் ஒருவருக்கும், புதிய முறையைச் செய்து காட்டினால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் ஒரே தடவையாகத் தருவதாகச் சொன்னார்கள். அந்த நிறுவனங்களில் புதிய அச்சை எடுத்துக்கொண்டவர்கள் கூடினார்கள். முதலாளிக்கு வருகிற லாபத்தோடு ஒப்பிட்டால் அது அற்பத் தொகை. தொழிலாளியைக் கேட்க வேண்டும் என்று தோன்றியிருந்தால் முதலாளியே கொடுத்திருக்கலாம். 2017-ல் வெளியான இந்த ஆய்வை ஆம்பூரின் ஒவ்வொரு கட்டிங் செக்‌ஷன் மேனேஜரும் ஒருமுறை படிக்க வேண்டும்.

ஏனென்றால் இங்கே வெட்டுவது ரெக்சின் இல்லை, தோல். ரெக்சின் ஷீட் எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். தோல் அப்படி இல்லை. முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் தொளதொளப்பு. ஒரு பக்கம் இழுத்தால் இழுபடும், மறுபக்கம் இழுபடாது. ஷூவின் முன்பகுதியை எங்கே வெட்டுவது, கண்ணில் படாத உள்துண்டை எங்கே வெட்டுவது, அந்த உண்ணிக்குழி எந்தத் துண்டுக்குள் மறையும் என்று வெட்டுகிறவர் ஒவ்வொரு தோலுக்கும் புதிதாக முடிவெடுக்கிறார். ஒரு ஜோடிக்கு இவ்வளவு சதுர அடி என்று கம்ப்யூட்டர் கொடுக்கும் அளவு அவசியம் வேண்டும். அது இல்லாவிட்டால் கழிவுக்கு அணை இருக்காது. ஆனால் ஜோடி எண்ணிக்கைக்கு மட்டும் பணம் என்றால் தோல் வீணாகும். மிச்சப்படுத்தினால் மட்டும் பணம் என்றால் பழுதுள்ள துண்டு மேல்பகுதிக்கு ஏறும், கடைசியில் பெட்டிக்குள் போன ஷூ திரும்பி வரும். எந்த எண்ணுக்குக் காசு என்று நிர்ணயிக்கும்போதே எந்தத் தவறு நடக்கும் என்பதையும் நிர்ணயித்துவிடுகிறோம். இதை முன்கூட்டியே சொல்லக்கூடிய ஆள், அந்த மேசையில் கத்தியோடு நிற்கிறவர்தான்.

பதிவேடு சொல்வதும் சொல்லாததும்

ஷூ கம்பெனிகளில் பெண்கள்தாம் அதிகம். லைனுக்குப் பக்கத்தில் மணிக்கு எத்தனை ஜோடி என்று போர்டு தொங்கும். யார் வந்தார், யார் வரவில்லை என்பது காலையிலேயே கம்ப்யூட்டரில் ஏறிவிடும். ஒடுகத்தூர் பக்கத்து வண்டியில் வெள்ளிக்கிழமைகளில் ஆள் குறைகிறது என்று பதிவேடு காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிறவர் ஒழுங்கீனம் என்று முடிவுகட்டி மெமோ அடிப்பார். அந்த ஊர்க்காரப் பெண் ஒருத்தியைக் கேட்டிருந்தால் அன்றைக்குச் சந்தை என்று சொல்லியிருப்பாள். வீட்டில் ஆடு விற்கிற நாளில் ஒரு ஆள் கூட இருந்தாக வேண்டும். ஷிப்ட்டை மாற்றிக்கொள்ள வழி செய்து கொடுத்தால் முடிகிற விஷயம் அது. எப்போது, எத்தனை பேர் என்பதைப் பதிவேடு சொல்லும். ஏன் என்பதை ஆளைக் கேட்டால்தான் தெரியும்.

மதியத்துக்கு மேல் உற்பத்தி விழுகிறது என்றால் சூப்பர்வைசரின் முதல் பேச்சு, பேச்சும் சிரிப்பும் கூடிவிட்டது என்பதாக இருக்கும். வேலூர் வெயில் நாடறிந்தது. ஷெட்டுக்குள் எவ்வளவு சூடு என்று ஒரு தெர்மாமீட்டர் மாட்டிப் பார்த்திருக்கிறோமா? பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் அச்யுதா அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நிஷாதம் ஆகிய ஆய்வாளர்கள் பார்த்தார்கள். மின்சாரச் செலவைக் குறைக்கலாம் என்று அந்த நிறுவனம் தையல் மேசைகளுக்கு மேலே எல்.இ.டி. விளக்கு போட்டது. பழைய விளக்கைவிட எல்.இ.டி. குறைவாகச் சூடாகும். வெயில் நாட்களில் உற்பத்தி விழுவது பெருமளவு நின்றுவிட்டது. மின்சார மிச்சத்தை மட்டும் பார்த்தால் போட்ட பணம் திரும்ப மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். உற்பத்தியையும் சேர்த்தால் எட்டு மாதத்துக்குள் திரும்பிவிடும் என்று கணக்கு வந்தது. தலைக்கு மேலே சுடுகிறது என்று அந்தத் தையல்காரப் பெண்களுக்கு எந்த ஆய்வும் இல்லாமலே தெரியும். எவ்வளவு நஷ்டம் என்று முதலாளிக்குக் காட்டத்தான் ஆய்வு தேவைப்பட்டது.

காம்பவுண்டுக்கு வெளியே

தொழிலாளி சொன்னதைக் கேட்கவில்லை என்றால் நஷ்டம் கம்பெனிக்குள்ளே. பக்கத்து ஊர் சொன்னதைக் கேட்காமல் இருந்ததற்கு இந்தத் தோல் பட்டணங்கள் கொடுத்த விலை பெரிது. கிணற்றுத் தண்ணீர் மாறிவிட்டது என்று பாலாற்றுக் கரை விவசாயிகளின் நாக்கு முதலில் சொன்னது. யாரும் காது கொடுக்கவில்லை. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே எடுபட்டது எண்ணிக்கை. தோல் பட்டணங்களைச் சுற்றி ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்திருந்தது. திண்டுக்கல் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் 13 கிராமங்களில் கிணறு கிணறாகப் போய்ப் பார்த்ததில், 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும் தீர்ப்பில் இடம்பெற்றது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்ன தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்கிற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. இன்று நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள். 2025 ஜனவரி 30-ல் அதே பிரச்சினைக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்து, காயம் இன்னும் ஆறவில்லை என்று தெரிகிறது.

இந்த விவகாரத்தில் ஒரு எளிய காரியம் என்னை எப்போதும் ஈர்க்கும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்புப் போடுகிறார்கள். அந்தத் தோலை நேரே தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பெல்லாம் கரையும். கரைந்த உப்பைத் தண்ணீரிலிருந்து மீட்க ஆர்.ஓ., ஆவியாக்கும் இயந்திரம், மின்சாரம் என்று கொட்டிக் கொடுக்க வேண்டும். ஊறப்போடும் முன்பே ஒரு மரச்சட்டத்தில் தோலை அடித்து உதறினால், ஒட்டியிருக்கும் உப்பில் ஒரு பகுதி காய்ந்த நிலையிலேயே கீழே விழும். அதை அள்ளி எடை போடலாம். அள்ளிய ஒவ்வொரு கிலோவும் தண்ணீருக்குப் போகாத கிலோ. இதற்குப் பெரிய அறிவியல் வேண்டாம். ஆனால் எடை போட்டு நோட்டில் எழுதுகிற இடத்தில்தான் இந்தப் பழக்கம் நிலைக்கும். எழுதாத இடத்தில் ஆர்டர் அவசரம் வரும் வாரத்தில் உதறுவது நின்றுவிடும், அப்புறம் யாருக்கும் நினைவிருக்காது.

மும்பைப் பக்கத்து ஜவுளி ஆலைகளில் நிக்கோலஸ் புளூம் தலைமையிலான குழு கண்டதும் இதைத்தான். தினமும் பழுதுகளை எழுதுவது, எந்த இயந்திரம் எப்போது நின்றது என்று குறிப்பது, கிடங்கில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுவது போன்ற சாதாரணப் பழக்கங்களைக் கொண்டுவந்த ஆலைகளில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. எழுதுவதும், எழுதியதை மறுநாள் காலையில் சம்பந்தப்பட்டவர்கள் கூடி நின்று படிப்பதும்தான் அதில் சாரம்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொழிற்சாலை நடத்துகிறவர்களையும், அங்கே மேனேஜர், மேஸ்திரி பொறுப்பில் இருப்பவர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த முறை தொட்டி சுத்தம் செய்யும் நாளுக்கு முன்பு உங்கள் வாயு மீட்டரை வெளியே எடுங்கள். அதைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். ஆளை இறக்காமல் பம்ப் வைத்தே எடுக்க முடிகிற கசடை பம்ப் வைத்தே எடுங்கள். தவிர்க்கவே முடியாமல் யாராவது இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மீட்டர் காட்டிய மூன்று மட்டத்து எண்ணையும் அவருக்குத் தெரிந்த மொழியில் அவரிடமே காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும், சொன்னதற்காக அன்றைய கூலி போகக் கூடாது. வெளியே கயிறு பிடிக்கிறவருக்கு, என்ன நடந்தாலும் உள்ளே குதிக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லி, கயிற்றை இழுத்துப் பழகச் செய்யுங்கள்.

தோலுக்குச் செய்கிற சோதனையில் பாதியை ஆளுக்குச் செய்தாலே இந்தச் சாவுகளில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். 1948-லேயே அதை எழுதி வைத்துவிட்டார்கள்.